போகும்போதே பொறுக்கியவள்

"போகும்போதே பொறுக்கிட்டு வந்தீங்களா? போகும்போதேவா?"

"முதல்ல நீ கத்தாம..."

"கத்தாம என்ன பண்ணச் சொல்றீங்க அண்ணி? ஒரு காகிதமாவது விட்டு வச்சிருக்கீங்களா பாருங்க, ஒண்ணே ஒண்ணு..."

"நீ எதுக்கு இங்க வந்து உக்காந்த? எல்லாரும் அந்தப் பக்கம் போயாச்சு, நீ மட்டும் தனியா..."

"நான் எங்க வேணா உக்காருவேன்! மஞ்சக் காகிதம் கிடக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டே திரும்பலாம்னு தெம்பா உக்காந்திருந்தேன்!"

"பொறுக்கறதுதான்டி என் வேலை!"

"திரும்பும்போது! திரும்பும்போது பொறுக்கறதுதான் உங்க வேலை!"

அண்ணி தோளில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தாள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த குழந்தையைப்போல அது உப்பிக்கொண்டு கிடந்தது. உள்ளே அவ்வளவும் மஞ்சள் காகிதம். அவ்வளவும் வழி.

திரும்பிப் பார்த்தாள். மரம், மரத்துக்குப் பின்னால் மரம், நடுநடுவே கொடி. ஒரு கிலோமீட்டர் தூரம் தலையைக் குனிந்துகொண்டே நடந்து வந்திருக்கிறாள். எந்த மரத்துக்கு இந்தப் பக்கம் திரும்பினோம், எந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் வளைந்தோம், ஒன்றும் நினைவில்லை. காகிதம் சொன்ன பக்கம் நடந்தாள், சொன்ன காகிதத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்திருக்கும் ஓட்டக் குழுவின் பழக்கம் அது. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவைச் சுற்றுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காடு. காலையிலேயே ஒருவர் முன்னால் போய்க் காகிதத் துண்டுகளை வழி நெடுகப் போட்டு வைப்பார். அவருக்கு அன்றைக்கு முயல் என்று பெயர். மற்றவர்களெல்லாம் நாய்கள், நாய் என்றால் அங்கே ஒருவருக்கும் கோபம் வராது. சாயந்திரம் நாய்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே ஓடும். முயல் லேசுப்பட்டதா? நடுவில் ஏமாற்றும். தரையில் மாவால் மூன்று வட்டம் போட்டிருந்தால், இங்கிருந்து ஒரு தடம் நிஜம், ஒரு தடம் பொய் என்று அர்த்தம். பொய்த் தடத்திலும் காகிதம் கிடக்கும். அது பாதையே இல்லாத இடத்தில் நாயை அலைக்கழித்து, கடைசியில் குறுக்காக வைத்த இரண்டு குச்சிகளில் கொண்டுபோய் நிறுத்தும். ஏமாந்த நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதே காகிதத்தைப் பிடித்துத் திரும்ப வேண்டியதுதான்.

எல்லாருக்கும் கடைசியில் ஒரு ஆள் நடந்து வரும். காட்டில் குப்பை நிற்கக்கூடாது என்று காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டே வரும் ஆள். அதற்குப் பெயர் வால். பதினோரு வருஷமாக அண்ணிதான் வால். குழுவில் சொந்தப் பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் ஐஸ் கட்டியில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுசாகப் பாட வேண்டும். அதனால் அவள் எல்லாருக்கும் வால் அக்கா. நாத்தனார், ஓடும்போதெல்லாம் "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று மற்றவர்களை விரட்டுவதால் கண்டக்டர்.

வாலுக்கு இருப்பது ஒரே ஒரு சட்டம். நிஜத் தடத்தில் போகும்போதே பொறுக்கலாம். பொய்த் தடத்தில் குச்சிவரை வெறுங்கையோடு போய்விட்டு, திரும்பும்போதுதான் பொறுக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அண்ணி ஒரு தடவைகூட அதைப் பிசகியதில்லை.

"வட்டமே போடலை அவன்," என்றாள் இப்போது. "அந்தக் குழாய்க்காரன். புது முயல். மூணு வட்டம் போட்டிருந்தான்னா எனக்குத் தெரியாதா? நேத்து வந்தவனைக் கொண்டுபோய் முயலாக்கினா இப்படித்தான்."

"நான் வரும்போது வட்டம் இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு?"

"அண்ணி, மணி என்ன தெரியுமா? அஞ்சேகால். ஒன்பதரைக்கு எனக்கு பஸ்."

அது அண்ணிக்குத் தெரியும். அதுதானே மதியத்திலிருந்து அவளை வேறெதையும் நினைக்க விடாமல் துரத்துகிறது. வேனில் வரும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, ஏதோ சோப்பு தீர்ந்துவிட்டது என்பதைப்போல நாத்தனார் சொன்னாள்: "எல்லாம் பேசி முடிச்சாச்சு அண்ணி. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களாம். ராத்திரி பஸ் போட்டிருக்கேன்." அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒன்பது மணிநேரம் தள்ளி இருக்கிற ஊரில் இன்னும் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. தங்க அறை கொடுக்கிறார்கள். அண்ணி "சரி" என்றாள். அதற்குப் பிறகு வேனிலிருந்து இறங்கியது, ஷூ நாடாவைக் கட்டியது, பையை மாட்டியது எல்லாம் யாரோ செய்ததைப்போல இருந்தது.

"வாங்க, நிக்காதீங்க," என்றாள் நாத்தனார். "பையைக் குடுங்க."

"எதுக்கு?"

"இனிமே முயலும் நாமதான், நாயும் நாமதான். ஒரு பக்கமா நூறு அடி போட்டுக்கிட்டே போவோம். வழி தென்படலைன்னா அதையே பிடிச்சுத் திரும்பி வந்து இன்னொரு பக்கம் போவோம். குச்சி கிடக்கற இந்த இடத்தை விட்டுட்டா அப்புறம் இதுவும் கிடைக்காது."

புத்திசாலிதான். அவள் அண்ணனுக்கும் இதே மாதிரி டக்கென்று மூளை வேலை செய்யும். அண்ணி அதைச் சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். அண்ணன் என்ற சொல்லை எடுத்தாலே இப்போதெல்லாம் நாத்தனாரின் முகம் கடை ஷட்டரைப்போல இறங்கிவிடுகிறது.

ஒரு பக்கம் போனார்கள். முள். திரும்பினார்கள். இன்னொரு பக்கம் போனார்கள். சரிவு, கீழே ஒன்றும் தெரியவில்லை. திரும்பினார்கள். மூன்றாவது பக்கம் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. மழையோடு இருட்டும் வந்தது. அண்ணி கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூன்று முறை ஊதினாள். மழைச் சத்தத்தில் அது அவள் காதுக்கே பாதிதான் எட்டியது.

"இருக்கா?" என்று கத்தினாள் நாத்தனார். ஓட்டத்தில் பின்னால் வருகிறவர்கள் காகிதம் தென்படுகிறதா என்று கேட்பது அப்படித்தான். முன்னால் இருப்பவர்கள் "இருக்கு!" என்பார்கள்.

யாரும் சொல்லவில்லை.

"போன்?"

"ஒரு கோடுகூட இல்லை. உங்களுது?"

"வேன்லயே வச்சுட்டேன்."

"நல்லா வச்சீங்க."

குச்சி கிடந்த இடத்துக்கே திரும்பி, சாய்ந்து நின்ற ஒரு பெரிய பாறைக்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். மேலே மழை படவில்லை. கீழே ஈரம் ஏறியது. நாத்தனார் போன் விளக்கை ஏற்றிப் பார்த்து, பாட்டரி குறைகிறது என்று உடனே அணைத்துவிட்டாள். அந்த ஒரு நொடியில் அவள் கணுக்காலில் அட்டைப்பூச்சி ஒன்று ஒட்டியிருந்ததை அண்ணி பார்த்துவிட்டாள். இருட்டிலேயே குனிந்து, நகத்தால் வழித்து எறிந்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இருபத்தேழு வருஷமா லென்ஸ் தேய்க்கறேன். கிட்டத்துல இருக்கறது எதுவும் தப்பாது."

"தூரத்துலதான் தப்பும்," என்றாள் நாத்தனார். சிரிக்கிறாளா என்று இருட்டில் தெரியவில்லை.

கண்ணாடிக் கடையில், பின்னாலிருக்கும் சின்ன அறையில் அண்ணியின் வேலை. வட்டமாக வரும் லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பை மழித்து, கண்மணி எங்கே வர வேண்டுமோ அங்கே மையால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துப் பொருத்த வேண்டும். முன்னால் கடையில் வாடிக்கையாளர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "அட, எல்லாம் தெளிவா இருக்கே!" என்பது அவளுக்கு மரப்பலகைச் சுவர் வழியாகக் கேட்கும். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை.

"நம்மளைத் தேடி வருவாங்க," என்றாள் அண்ணி. "வால் வராம வேனை எடுக்க மாட்டாங்க. அதுதான் கணக்கு. வால் வந்தாச்சுன்னா எல்லாரும் வந்தாச்சு."

நாத்தனார் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன?"

"தலைவர்கிட்ட நான் சொல்லிட்டேன். எனக்கு பஸ் இருக்கு, சீக்கிரம் முடிச்சுட்டு ரோட்டுல ஏதாவது வண்டி பிடிச்சுப் போயிருவேன், காத்திருக்காதீங்கன்னு."

"அது நீ. நான்?"

"என்னை வழியனுப்ப நீங்களும் கூடவே கிளம்பியிருப்பீங்கன்னு நினைப்பாரு. நாம ரெண்டு பேரும் எங்க போனாலும் ஒண்ணாத்தானே போறோம்."

ஒன்றாகத்தான் போகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். வீட்டுக்குள் என்றால், நாத்தனார் காலைப் பணிக்குப் போய்விட்டு வரும்போது அண்ணி கடையில் இருப்பாள். அண்ணி வரும்போது நாத்தனாரின் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். தட்டில் தண்ணீர் காய்ந்துவிட்டதா இல்லையா என்று பார்த்து, அவள் சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று அண்ணி கணக்குப் போடுவாள். இரவில் நாத்தனார் அறைக் கதவின் கீழ் ஒரு கோடு வெளிச்சம் தெரியும். அது அணைந்த பிறகுதான் அண்ணி தன் விளக்கை அணைப்பாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் மட்டும் இரண்டு பேரும் கூடத்துத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீணாகி வரும் மஞ்சள் எக்ஸ்ரே உறைகளைக் கையகலத்துக்குக் கிழிப்பார்கள். அடுத்த நாள் ஓட்டத்துக்கு. அப்போதும் பேச்சு, "அந்தக் கட்டை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்ற அளவில்தான். ஆனாலும் அது ஒரு சாயந்திரம்.

"உன்னைத் தேடியாவது ஆள் வரும்," என்றாள் அண்ணி. "காலைல பத்து மணிக்குக் காணோமேன்னு அந்த ஆஸ்பத்திரியில கேப்பாங்க. என்னைத் தேட யார் இருக்கா? கடையில பதினோரு மணிக்கு மேல, லென்ஸ் வரலையேன்னு உள்ளே எட்டிப் பாப்பாங்க. அவ்வளவுதான்."

"ஏன், நான் தேட மாட்டேனா?"

"நீதான் தேடணும். நீயும் இங்கயே உக்காந்திருக்கியே."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கும் வந்தது. சிரிக்கச் சிரிக்க அது வேறு மாதிரி மாறி, அண்ணி விக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. இருட்டில் நாத்தனாரின் கை வந்து அவள் முதுகில் தட்டையாகப் பதிந்தது.

"மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க." பணியில் இருக்கும்போது பேசும் குரல். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற அதே சொற்கள். "ம்... விடுங்க."

அண்ணி விட்டாள்.

"இன்னொரு தரம்?"

"போதும். படம் நல்லா விழுந்துச்சா?"

"அசைஞ்சுட்டீங்க. திரும்ப எடுக்கணும்."

பையின் அடியில் பிஸ்கட் பாக்கெட் ஒன்று கிடைத்தது. நாலு பிஸ்கட், ஈரக் காகிதத்தின் வாசனையோடு. ஆளுக்கு இரண்டு. மழை நின்று, இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதரை ஆயிற்று. நாத்தனார் போனைத் திறந்து நேரம் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்க அண்ணிக்குத் தைரியம் வரவில்லை. பஸ் கிளம்பியிருக்கும். அவளுடைய இருக்கை காலியாகப் போய்க்கொண்டிருக்கும். இதை நினைத்ததும் தனக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்ததை அண்ணி உணர்ந்தாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது எழுந்து போகவில்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்," என்றாள் நாத்தனார்.

"சொல்லு."

"எனக்கு ஓடவே பிடிக்காது."

"என்னது?"

"பிடிக்காது அண்ணி. முட்டி வலிக்குது. அண்ணன் இருந்தவரைக்கும் அவன் இழுத்துக்கிட்டு வந்தான், வந்தேன். அவன் போன பிறகு விட்டுடலாம்னுதான் நினைச்சேன். நீங்க அடுத்த ஞாயித்துக்கிழமையே ஷூவை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னீங்க. உங்களைத் தனியா அனுப்ப வேண்டாமேன்னு வந்தேன்."

"அடிப்பாவி. நீ விடியறதுக்கு முன்னாடியே எழுந்து தண்ணி பாட்டில் ரொப்பிக்கிட்டு இருந்தே! அந்தச் சத்தம் கேட்டுத்தானே நான் ஷூவை மாட்டினேன்! இவளை எப்படித் தனியா விடறதுன்னு!"

"தண்ணி குடிக்க எழுந்தேன்!"

"மூணு வருஷம்!"

"மூணு வருஷமா ரெண்டு பேரும் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி..."

"மாதிரி என்ன மாதிரி? காட்டுலதானே கிடக்கோம்."

மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகு காடு முன்பைவிடப் பெரிதாக இருந்தது. எங்கேயோ ஒரு கிளை முறிந்து விழுந்தது.

அண்ணிதான் கேட்டாள். இருட்டு இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டாள். "ஏன் போற? அதையாவது சொல்லிட்டுப் போ. சம்பளம்னு மட்டும் சொல்லாதே. இங்கயே உனக்குக் கூட்டித் தர்றேன்னு சொன்னாங்க, எனக்குத் தெரியும்."

இருட்டில் நாத்தனார் முட்டியைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"நாப்பத்து நாலு வயசு எனக்கு. அந்த வீட்டுல இன்னும் நான் தங்கச்சி. அண்ணன் போய் மூணு வருஷம் ஆச்சு, இன்னும் தங்கச்சி. செருப்பு வைக்கற இடத்துல அவன் ஷூ இருக்கு. நீங்க துடைச்சு வைக்கறீங்க. தப்புன்னு சொல்லலை. எனக்கு அதைத் தாண்டித்தான் தினமும் உள்ளே வரணும்."

"ஷூவை எடுத்துடறேன்."

"ஷூ இல்லை அண்ணி." குரல் தாழ்ந்தது. "நீங்க கதவைத் திறக்கறப்போ, உங்களுக்குப் பின்னாடி அவன் வருவான்னு இன்னமும் பாக்கறேன். ஒவ்வொரு தடவையும். உங்க மேல கோபம் இல்லை. உங்களைப் பாக்காம இருந்தா அப்படிப் பாக்க மாட்டேனோன்னு ஒரு இது. அவ்வளவுதான்."

தனக்கும் அப்படித்தான் என்று அண்ணி சொல்லியிருக்கலாம். நாத்தனார் தண்ணீர் குடிக்கும்போது கழுத்தைச் சாய்ப்பது அச்சு அசலாக அவர்தான்; அதைப் பார்ப்பதற்காகவே எதிரே தண்ணீர் வைத்துவிட்டு நிற்பதுண்டு. இவள் எதைப் பார்க்காமல் இருக்க ஓடுகிறாளோ, அதைப் பார்க்கத்தான் அண்ணி கதவின் கீழ் தெரியும் வெளிச்சத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள். இதை எந்த வாயால் சொல்வது?

"குளிருதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை."

பையைக் கவிழ்த்து, உள்ளே நனையாமலிருந்த காகிதத்தையெல்லாம் நாத்தனாரின் முதுகுக்கும் பாறைக்கும் நடுவில் திணித்தாள். நாத்தனார் முதுகை நகர்த்திக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு நிதானமாயிற்று. தலை அண்ணியின் தோளில் விழவில்லை. மறுபக்கம், பாறையில் சாய்ந்திருந்தது.

அண்ணி விழித்திருந்தாள். தடம் இரண்டாகப் பிரிந்த அந்த இடம் எப்படி இருந்தது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒரு பெரிய மரம். அதன் அடியில் இரண்டு பக்கமும் மஞ்சள். அதற்கு மேல் வரவில்லை. "எல்லாம் பேசி முடிச்சாச்சு அண்ணி" என்ற குரல்தான் வந்தது. வட்டம் இருந்ததா, இல்லையா? இல்லை. இல்லவே இல்லை. இருந்திருந்தால் கண்ணுக்குத் தப்புமா? விசிலை எடுத்து, நாத்தனார் விழித்துக்கொள்ளாதபடி, ஊதாமல் உதட்டில் வைத்துக்கொண்டாள்.

விடிந்தபோது காடு சின்னதாகிவிட்டது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது. நாலாவது பக்கம் மட்டும்தான் பாக்கி. மிச்சமிருந்த காகிதத்தைப் போட்டுக்கொண்டே நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மனிதக் குரல், அழுகிற மாதிரி:

"அக்கா! வால் அக்கா! கண்டக்டர் அக்கா!"

குழாய்க்காரன்தான். ஊரில் குளியலறைக் குழாய்களைப் பழுது பார்ப்பவன், முப்பது வயது. ஓடிவந்த வேகத்தில் இரண்டு பேரையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தலைவர் வந்தார். மளிகைக் கடைக்காரர், தொப்பையைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்துவிட்டார்.

"பத்து மணிக்கு வால் பை வந்துச்சான்னு தலைவரைக் கேட்டேன்க்கா, வரலைன்னாரு. உங்க வீட்டு போனுக்கு அடிச்சா எடுக்கலை. ராத்திரி பூரா தூக்கம் வரலை. நாலு மணிக்கு அவரை எழுப்பி இழுத்துக்கிட்டு வந்தேன்."

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாக் கிளம்பிட்டீங்கன்னு நினைச்சேன்மா," என்றார் தலைவர். "எப்பவும் ஒண்ணாத்தானே போவீங்க. என் மேலதான் தப்பு."

"என் தப்புக்கா," என்றான் குழாய்க்காரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல் தடவை முயல். பொய்த் தடத்தை இவ்வளவு நீளமாப் போட்டிருக்கக் கூடாது. ஆனா அக்கா, சத்தியமா மூணு வட்டம் போட்டேன். பெரிய மரத்தடியில. மழைகூடப் படலை, இப்ப பாத்துட்டுத்தான் வர்றேன், அப்படியே இருக்கு. நடு வட்டத்துல ஷூ தடம்கூடப் பதிஞ்சிருக்கு. சின்னத் தடம்."

நாத்தனார் மெல்லக் குனிந்து, அண்ணியின் ஷூவைப் பார்த்தாள். சேறு அப்பியிருந்தது. பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். நேற்றுச் சாயந்திரம்போலக் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். முன்னால் நடந்துவிட்டாள்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். விடியலில் போட்டுக்கொண்டு வந்த காகிதமெல்லாம் பின்னால் கிடந்தது. அனிச்சையாகக் குனிந்தாள்.

"விடுங்கக்கா, நான் பொறுக்கறேன்," என்று குழாய்க்காரன் பையை வாங்கிக்கொண்டான்.

ரோட்டுக்கு வந்ததும் நாத்தனாரின் போன் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவியது. பாட்டரியில் கடைசிச் சொட்டு. அவள் ஓரமாகப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். அண்ணி வேன் படியில் உட்கார்ந்திருந்தாள். வேனிலிருந்த போர்வையைத் தலைவர் அவள் தோளில் போர்த்திவிட்டு, டிரைவரை எழுப்பப் போனார். காது தன் பாட்டுக்கு நாத்தனார் பக்கமே நீண்டது.

"ஆமா சார்... காட்டுல... இல்லை சார், நிஜமாத்தான்... ஆமா, ராத்திரி பூரா... இல்லை, அடி ஒண்ணும் படலை... சரி சார்... ரொம்ப நன்றி சார்."

வந்தாள். அண்ணியின் முன்னால் நின்றாள். அவள் தலைமுடியில் மஞ்சள் காகிதத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"சிரிக்கறாரு. இந்த மாதிரி காரணம் யாரும் சொன்னதில்லையாம். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொன்னாரு."

"அப்ப இன்னைக்கு ராத்திரி பஸ்."

"ஆமா. அதே ஒன்பதரை."

"நல்லதாப் போச்சு," என்றாள் அண்ணி. நிஜமாகவே நல்லதாகப் போகட்டும் என்று முயன்று பார்த்தாள். "வேணும்னு பண்ணலை. என் கால் மிதிச்சிருக்கு, எனக்குத் தெரியலை. அவன் மேல பழி போட்டேன். அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வேணும்னு பண்ணலைன்னு." நாத்தனார் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் இடம் போதவில்லை. நகர்ந்துகொள்ள இடமும் இல்லை. "வேணும்னு பண்ணியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும் அண்ணி. நல்லாச் சண்டை போட்டுட்டுக் கிளம்பியிருப்பேன்."

காட்டின் விளிம்பில் குழாய்க்காரன் குனிந்து குனிந்து காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தான். டிரைவர் கொட்டாவி விட்டபடி வண்டியைக் கிளப்பினான். படி அதிர்ந்தது. நாத்தனார் பாட்டிலைத் திறந்து, கழுத்தைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தாள். அண்ணி பார்த்தாள். பிறகு கண்ணை ரோட்டின் மேல் திருப்பிக்கொண்டாள். போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. நேற்று ராத்திரியே அந்தச் சொல் செத்துப்போயிற்று. அந்த இடத்தில் வேறொன்று, அவளே எதிர்பார்க்காதது, எழுந்து வந்து உதட்டில் நின்றது. அது வெளியே வந்த பிறகுதான் தன் குரல் என்று அவளுக்கே தெரிந்தது.

"நானும் உன்கூட வரட்டுமா?"